பூட்டிக் கிடந்த பள்ளியை வீடற்றோர் காப்பகமாகக் கேட்டு வாங்கிய அனுபவம்

எங்கள் ஊர்க் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குபவர்களில் பலருக்கு வீடு கிடையாது. கடை அடைத்ததும் அந்தத் திண்ணையிலேயே படுத்துக்கொள்வார்கள். சந்தைக்குப் பின்தெருவிலோ, பிள்ளைகள் சேர்க்கை குறைந்து மூடப்பட்ட மாநகராட்சிப் பள்ளி ஒன்று பூட்டியே கிடந்தது. அதைக் காப்பகமாக்கித் தாருங்கள் என்று எங்கள் தொண்டு நிறுவனம் மனு கொடுத்தது.

பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற திட்டமும் பழைய பொதுக் கட்டடங்களைச் சீரமைத்துக் காப்பகமாக்க அப்போது நிதி தந்தது. அந்த உத்தரவின் நகலையும் திட்ட வழிகாட்டுதலின் நகலையும் மனுவோடு இணைத்தோம். அப்படியும் கோப்பு நகரவில்லை. கட்டடம் கல்விப் பிரிவுடையது, காப்பகம் சுகாதாரப் பிரிவின் பொறுப்பு, பழுதுபார்ப்பது பொறியாளர்கள். ஒருவர் கடிதத்துக்காக இன்னொருவர் காத்திருந்தார். பொறியாளர்கள் தரும் கட்டட உறுதித்தன்மைச் சான்று கைக்கு வந்த பிறகுதான் மற்ற கையெழுத்துகள் விழுந்தன. இந்த வழியில் இறங்குபவர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இடையில், ஊருக்கு வெளியே இதைவிட நல்ல கட்டடம் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனாலும் மறுத்தோம். சந்தைக்கு லாரி வருவது அதிகாலை இரண்டு மணிக்கு. அந்நேரத்தில் பஸ் ஏது? கூலி கிடைக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப் படுக்கச் சொன்னால், கட்டிலும் மின்விசிறியும் கொடுத்தாலும் மனிதர் திண்ணைக்கே திரும்பிவிடுவார். பஸ் நிலையம், ரயில் நிலையம், சந்தை ஆகியவற்றின் அருகில்தான் காப்பகம் அமைய வேண்டும் என்று அந்த இயக்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டியதும் மாற்று இடப் பேச்சு நின்றது.

தெருவாசிகளும் எதிர்த்தார்கள். கூட்டத்தில் மளிகைக்கடைப் பெரியவர் ஒருவர் எழுந்து, "இப்போதும் நம் தெருவில்தானே படுக்கிறார்கள்? வெளியே படுப்பவர்கள் உள்ளே படுத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். அவர் செய்த உதவியை மறக்க மாட்டேன்.

ஆளுக்கு 50 சதுர அடி என்பது அந்த இயக்கத்தின் விதியாக இருந்தது. இருபதுக்கு இருபது வகுப்பறையில் எட்டுப் பேர்தான் படுக்கலாம். கழிப்பறைகள் சிறு பிள்ளைகளின் உயரத்துக்குக் கட்டியவை, குளியலறையே இல்லை. சீரமைப்புப் பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் போனது. என்ன வேண்டும் என்று தொழிலாளர்களைக் கேட்டபோது, பாயையும் தலையணையையும்விட முதலில் கேட்டது பூட்டுப் போட்ட பெட்டி. ஆதார் அட்டை, மாற்றுத் துணி, அன்றைய கூலி எல்லாம் தூங்கும்போது திருடுபோவது அவர்களுக்கு வாடிக்கை. கரும்பலகைக்குக் கீழே சுவரோரமாக ஆளுக்கொரு இரும்புப் பெட்டி வைத்து, சாவியை அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

இது ஆண்களுக்கு மட்டுமான காப்பகம். பூக்கட்டும் பெண்கள் குழந்தைகளோடு இன்னும் நடைபாதையில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்காக அதே வட்டாரத்தில் பயன்பாடில்லாத ஒரு கிடங்கைக் கேட்டிருக்கிறோம். இந்த முறை முதல் கடிதமே பொறியாளருக்குத்தான் போயிருக்கிறது.