பதினாலு மாடியும் பக்கத்துச் செங்கல் கோபுரமும்

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் கேட்டது 300 ரூபாய். "எல்ஐசி கட்டடத்துக்குத்தானேண்ணே, மூணு கிலோமீட்டர் இருக்குமா?" என்றால், "எல்லாம் ஒன்வே சார், சுத்திக்கிட்டுதான் போகணும்" என்கிறார். மீட்டரைப் பார்த்தேன், அதற்கு ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு மெட்ரோ ஸ்டேஷனுக்குள் இறங்கிவிட்டேன். சென்ட்ரலில் மாறினால் இரண்டாவது ஸ்டேஷன். அவர் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அந்த ஸ்டேஷனுக்குப் பெயரே எல்ஐசி!

கிளம்பும்போது வீட்டில் சிரித்தார்கள். மெட்ராஸ் போய் ஆபீஸ் கட்டடத்தையா பார்ப்பார்கள் என்று. பழைய படங்களில் கிராமத்து நாயகன் தகரப்பெட்டியோடு பட்டணத்தில் இறங்கினால் அடுத்த ஷாட் சென்ட்ரல், அதற்கடுத்தது இந்தப் பதினாலு மாடி எல்ஐசி கட்டடம். அந்த ஷாட்டுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு இது கோயில் மாதிரி.

உண்மையைச் சொல்கிறேன், முதல் பார்வையில் ஏமாற்றம்தான். உயரம் 177 அடி. இன்றைக்குப் புறநகர் அடுக்குமாடிகள் இதைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. ஆனால் கதையைத் தெரிந்துகொண்டு பார்க்கவேண்டும். இது எல்ஐசிக்காக ஆரம்பித்த கட்டடமே இல்லை. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தன் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953-இல் தொடங்கியது. சுண்ணாம்பும் செங்கலுமாகக் கட்டிப் பழகிய ஊரில் கான்கிரீட் தூண்களை நம்பி இத்தனை மாடி எழுப்பத் துணிவதென்றால் சும்மாவா?

அவர் அதை முழுசாகப் பார்க்கவில்லை. 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழிலையே அரசு எடுத்துக்கொள்ள, பாதியில் நின்ற கட்டடமும் புதிதாகப் பிறந்த எல்ஐசி கைக்குப் போனது. 1959 ஆகஸ்டில் திறந்துவைத்தவர் அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். அப்போது நாட்டிலேயே உயரமான கட்டடம் இதுதான். செட்டியார் கனவு, சர்க்கார் பெயர்ப்பலகை! 1975-இல் பெரிய தீ, 2023-இல் உச்சியிலிருந்த பெயர்ப்பலகையில் ஒரு தீ. இரண்டையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இதைப் பார்த்தவர்கள் அப்படியே திரும்பிவிடாதீர்கள். அதே அண்ணா சாலையில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில், பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இருக்கிறது. செங்கல் சிவப்பு, கோபுரம், வளைவுகள். 1897-இல் ஜே.எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்தது. டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காகக் கட்டியதை 1934-இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. அதுவும் 1956-இல் எல்ஐசியிடமே போய்ச் சேர்ந்தது. 2006-இல் இடிக்க ஆரம்பித்து, விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், 2010-இல் உயர்நீதிமன்றம் பாதுகாக்கச் சொன்னது. நான் பார்த்தபோது செடி முளைத்துச் சிதிலமாகத்தான் நின்றது. என் கண்ணுக்குப் பதினாலு மாடியைவிட இதுதான் நூறு மடங்கு அழகு. அழகைப் பார்க்கத்தான் ஆளில்லை. பத்து நிமிஷம் நின்றேன், அண்ணாந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். இதைத் திருத்தி அருங்காட்சியகமாக்கினால் டிக்கெட் வாங்க நான் முதல் ஆளாக நிற்பேன்.

வெயிலில் நா வறண்டு திருவல்லிக்கேணிப் பக்கம் நடந்தேன். மேன்ஷன்களுக்கு நடுவே ஒரு மெஸ். இலைபோட்ட சாப்பாடு, வத்தக்குழம்பில் சுண்டைக்காய் தாராளம், ரசம் கேட்கக் கேட்க வந்தது. "தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று பரிமாறிய பெரியவர் கேட்டபோது ஆட்டோ எரிச்சலெல்லாம் போய்விட்டது. ஆட்டோவுக்குக் கொடுத்திருக்கவேண்டிய காசில் நாலு பேரைக் கூட்டிப்போய்ச் சாப்பிட்டிருக்கலாம்.

போகிற வழி, நேரம் எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டது. சுருக்கமாக: ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், அண்ணா சாலையில் வண்டி குறைவு. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றால்தான் முழுக் கட்டடமும் போட்டோவில் அடங்கும்.