மூன்றாவது சிலிண்டர் சொன்னது

சீரான உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது, என் சிறிய விமானத்தின் எஞ்சின் கண்காணிப்புத் திரையில் சிலிண்டருக்கு ஒன்றாக இருந்த நான்கு பட்டைகளில் மூன்றாவது மட்டும் மேலேறி, வழக்கத்தைவிட ஏறக்குறைய 60 டிகிரி ஃபாரன்ஹீட் கூடுதலாகப் போய் நின்றது. அது புகைவாயுவின் வெப்பநிலையைக் காட்டும் பட்டை. அந்தச் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றே முதலில் எண்ணிப் பதறினேன். ஆனால் அதே சிலிண்டரின் தலை வெப்பநிலை கூடவில்லை, சற்றே குறைந்திருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்திருந்தால் பதற்றத்துக்கு வேலையே இருந்திருக்காது.

சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. அவை இரண்டும் தனித்தனி மேக்னெட்டோவிலிருந்து, அதாவது எஞ்சினின் சுழற்சியிலேயே மின்சாரம் உண்டாக்கும் கருவியிலிருந்து, மின்பொறியைப் பெறுகின்றன. ஒரு பிளக் செயலிழந்தால் தீ ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பரவ வேண்டியிருப்பதால் எரிதல் தாமதமாகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்திலும் வாயு முழுதாக எரிந்து முடியாமல், சிலிண்டர் தலையில் இறங்க வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைப் புகைக்குழாய்க்குக் கொண்டுபோய்விடுகிறது. தரையிறங்கிய பின் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, ஒன்றில் மட்டும் எஞ்சின் உதறியது. மூன்றாவது பட்டை சரிந்து விழுந்தது. அந்த மேக்னெட்டோவோடு இணைந்த கீழ்ப்புறப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், மின்முனைகளுக்கு நடுவே கடுகளவு சாம்பல் நிற ஈயமணி ஒன்று சிக்கியிருந்தது. இத்தகைய விமானங்களுக்கான 100 எல்எல் என்ற பெட்ரோலில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம் என்பதால் இது அரிய நிகழ்வு அன்று. கூரான கம்பியால் அதை நெம்பி எடுத்ததோடு வேலை முடிந்தது.

அன்றுமுதல், உற்பத்தியாளர் விதித்த உச்ச வரம்பைவிட என் எஞ்சினின் வழக்கமான எண் எது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன். லைகாமிங் நிறுவனத்தின் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் தலை வெப்பநிலையின் வரம்பு 500 டிகிரி ஃபாரன்ஹீட். 490 டிகிரியில் பறப்பதை விதி தடுக்காது என்றாலும், அலுமினியத்தின் வலிமை அந்த வெப்பத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே 400 டிகிரியைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். எப்போதும் 360 டிகிரியில் இருக்கும் சிலிண்டர் ஒருநாள் 385 டிகிரியைக் காட்டினால், வரம்புக்கு எவ்வளவோ கீழே இருந்தாலும், குளிர்காற்றைத் திருப்பிவிடும் தடுப்புத் தகடுகளின் ரப்பர் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்காமல் மறுமுறை கிளம்புவதில்லை.

ஆயில் மாற்றும் நாளில் ஃபில்டரை வெட்டித் திறந்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பேன். கை முழுக்கக் கரியாகும் வேலை. மினுமினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் அவை இரும்பு. லைகாமிங்கில், வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேற்புறத்தில் இருப்பதால், விமானம் வாரக்கணக்கில் பறக்காமல் நிற்கும்போது ஆயில் வடிந்து துரு பிடிக்க இடமாகிறது. பிறகு ஓடும்போது, துருப்பிடித்த பரப்பு உதிர்ந்து ஃபில்டரில் வந்து சேர்கிறது. பறக்காத நாட்களில் தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டிவைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது கெடுதலே செய்கிறது: எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலில் கலந்துவிடுகிறது, அதை விரட்டும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை.

சோதிப்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் நான், எஞ்சினைக் கழற்றிப் பிரிப்பதில் தயங்குகிறேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் விமானங்களை ஆராய்ந்த சி. எச். வாடிங்டனும் அவருடைய குழுவினரும், 50 மணி நேரப் பராமரிப்பு முடிந்த உடனேயே பழுதுகள் கூடி, பின்னர் படிப்படியாகக் குறைவதைக் கண்டறிந்தார்கள். பழுதைத் தடுக்கவென்று செய்த வேலையே பழுதைக் கொண்டுவந்திருந்தது.

சென்ற ஆண்டுச் சோதனையில் இது எனக்கு நேரடியாகக் கைகொடுத்தது. 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, அதில் எவ்வளவு தங்குகிறது என்று பார்த்ததில் இரண்டாவது சிலிண்டர் 61 மட்டுமே காட்டியது. சிலிண்டரைக் கழற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். காற்று எந்த வழியாகக் கசிகிறது என்று கேட்டுப்பார்க்கலாம் என்றேன். புகைக்குழாயில் காதை வைத்தால் சத்தமில்லை. ஆயில் ஊற்றும் வாயில்தான் சீறல் கேட்டது. அப்படியென்றால் கசிவு வால்வில் இல்லை, பிஸ்டன் வளையங்களில். போர்ஸ்கோப் என்ற மெல்லிய உள்நோக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தோம். எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் நிற வளையங்கள் நடுவிலிருந்து சீராக விரிந்திருந்தன, ஓரம் எங்கும் கருகவில்லை. சிலிண்டர் சுவரிலும் கீறல் இல்லை. ஒரு மணி நேரம் பறந்துவிட்டு, சூடு ஆறுமுன் மறுபடியும் சோதித்தோம். 73 காட்டியது. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் இரண்டு எண்களையும் லாக்புக்கில் அடுத்தடுத்து எழுதிக் கையெழுத்திட்டார்.