மூன்றாம் தடவையும் திரும்பி வந்த தலைப்பு

வெகுசனத் தொடர்பாடல் முதுமாணி ஆய்வுக்கு 'தமிழ்ப் பத்திரிகைகளும் மலையக மக்களும்' என்று எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் பேனையின் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "தம்பி, இதை முடிக்க உமக்கு இரண்டு ஆயுள் வேணும்" என்றார்.

சரிதான். வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். இரண்டையும் முழுக்கப் புரட்டினால் தலை நரைத்துவிடும். ஆகவே, மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1948 நவம்பர் மாதம் மட்டும். அதிலும் முதற்பக்கம் மட்டும்.

இனி வேலைக்கு லீவு போட்டுக் கொழும்பு 7இல் இருக்கிற சுவடிகள் கூடத்துக்குப் போகவேண்டும். பழைய தாளின் ஓரம் அப்பளம் மாதிரி. மூச்சை அடக்கிக்கொண்டுதான் திருப்ப வேண்டும். எந்தச் செய்திக்கு எத்தனை அங்குலம், தலைப்பில் 'தொழிலாளர்' என்று போட்டார்களா 'இந்தியர்' என்று போட்டார்களா, எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். உள்ளடக்கப் பகுப்பாய்வு என்று பெரிய பெயர். பார்க்கிறவர்களுக்கு நான் தையற்காரன்தான்.

அப்புறம் ஒரு சிக்கல். அதே பக்கங்களில் சிலவற்றை இன்னொருவரும் தனியாகக் குறித்து, இருவர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது என் சொந்த அபிப்பிராயமாகிவிடும். ஆள் தேடுகிறேன். சம்பளம் இல்லை. வெள்ளவத்தையில் வடையும் பிளேன்டீயும் உண்டு.