மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னவர்கள்

பதினொரு வருசமாக ஹட்டன் டவுனில் ஒரு மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிறேன். முதலாளி கொழும்பில். பதிவுப் புத்தகம், சாவிக்கொத்து, முந்நூறு பிளாஸ்டிக் கதிரை, நினைத்த நேரத்தில் நின்றுபோகும் தண்ணீர் மோட்டார், எல்லாம் என் தலையில். கல்யாணம், சடங்கு, சங்கக் கூட்டம், டியூஷன் செமினார், கருமாதிச் சாப்பாடு என்று எதுவும் வரும்.

கதிரையை எப்படிப் போடச் சொல்கிறார்கள் என்பதிலேயே பாதி விசயம் தெரிந்துவிடும். சங்கக்காரர்களுக்கு மேடையில்தான் கதிரை கூட வேண்டும், கீழே எத்தனை இருந்தாலும் சரி. டியூஷன் சேருக்கு இடுக்கு விடாமல் போட வேண்டும். கல்யாண வீட்டாருக்கு நடுவில் வழி. 2017 பெப்ரவரியில் வந்தவர் இதில் எதிலும் சேரவில்லை. அறுபது கதிரை, அரை வட்டமாக மூன்று வரிசை, நடுவில் வழி வேண்டாம் என்றார். கர்ட்டனை எல்லாம் இழுத்துவிடச் சொன்னார். பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, அந்த மணிக்கூட்ட இன்னைக்கு மட்டும் கழட்டி வைக்க முடியுங்களா?" என்றார்.

கதிரை போட்டு ஏறி நான்தான் கழற்றினேன். ஏன் என்று கேட்கவில்லை. முழுக் காசையும் முன்னாலேயே எண்ணி வைத்தவரிடம் என்ன கேட்பது.

பதிவுப் புத்தகத்தில் அவர் எழுதியது 'ஆளுமை விருத்தி, இலவசப் பயிற்சி'. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகள் கொழும்புக்குப் போவதா, டவுனில் கடையில் நிற்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். வழக்கமாக நிகழ்ச்சி வைப்பவர்கள் வந்ததும் முதல் வேலையாக பேனரைக் கேட்டில் கட்டுவார்கள். கயிறு இருக்கா, ஆணி இருக்கா என்று என் உயிரை எடுப்பார்கள். இவர்கள் பேனரே கொண்டுவரவில்லை. ஒரு பையன் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆட்களைக் கூட்டி வந்தான்.

தேத்தண்ணி போடும் மூலையில் ஒரு ஜன்னல் உண்டு. அங்கிருந்து உள்ளே முழுவதும் தெரியும். வந்த அறுபது பேரில் இருபதுக்கு மேல் அவர்களுடைய ஆட்களே. காலை ஏழு மணிக்கே பனியில் நடுங்கிக்கொண்டு வந்து என்னிடம் பிளேன்டீ வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள். ஒருவரை ஒருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குப் புதியவர்கள் வந்ததும் பிரிந்து, இரண்டு புதியவருக்கு நடுவில் ஒருவராக உட்கார்ந்தார்கள். அதில் சீனி கூடப் போடச் சொல்லி இரண்டு கப் குடித்த பிள்ளை, பக்கத்திலிருந்தவளிடம் "நானும் இன்னைக்குத்தான் மொத தடவ வாறேன், கொஞ்சம் பயமா இருக்கு" என்றாள். என் காதாலேயே கேட்டேன். பேச்சாளர் ஒரு கேள்வி கேட்டால் அந்த இருபது பேரும் கை தூக்குவார்கள். நடுவில் இருப்பவர்களின் கையும் மெதுவாக மேலே போகும்.

ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், தொலைபேசி, பிறந்த தேதி. கீழே 'உங்கள் வாழ்க்கையில் இப்போதுள்ள பெரிய கவலை என்ன?' பின்னேரம் கூட்டும்போது ஒன்று கதிரைக்கடியில் கிடந்தது. அம்மாவுக்கு ஆபரேசன் தேதி கொடுத்திருப்பதாகவும், அப்பா வீட்டுக்குக் காசு அனுப்புவதில்லை என்றும் குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தது. கவலை என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். தேத்தண்ணி இடைவேளையில் அந்தப் படிவங்களை மேடைக்குப் பின்னால் வைத்து மூன்று பேர் வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். இடைவேளை முடிந்து வந்த பேச்சாளர் கண்ணை மூடி, "இங்க ஒருத்தர் வீட்டுல ஒரு தாய்க்கு சுகமில்ல, எனக்கு தோணுது" என்று சொன்னதையும், பின்வரிசையில் ஒரு பிள்ளை குலுங்கி அழுததையும் பார்த்திருந்தேன். படிவம் கையில் கிடைத்தபோதுதான் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியது.

இவ்வளவும் கண்டுபிடித்த பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றுமில்லை. படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மணிக்கூட்டைத் திரும்ப மாட்டினேன். அதே வருசம் அதே ஆட்கள் 'தொழில் வழிகாட்டல்' என்ற பெயரில் ஒரு தடவையும் 'தியானமும் மன அமைதியும்' என்ற பெயரில் ஒரு தடவையும் வந்தார்கள். மூன்று பதிவிலும் ஒரே கையெழுத்து. மூன்றுக்கும் காசு வாங்கி ரசீது எழுதியவன் நான்.

பிற்பாடு தேடித் தேடி வாசித்தபோது தெரிந்தது, முதலில் ஒரு நல்ல பெயரை முன்னால் நிறுத்துவது உலகம் முழுக்க உள்ள பழைய வழி என்று. 1984இல் டோக்கியோவில் ஒரு யோகா வகுப்பாகத் தொடங்கிய கூட்டம்தான் 1995 மார்ச் 20ஆம் தேதி அதே நகரத்தின் சுரங்க ரயில்களில் சரின் நச்சுவாயுவை விட்டது. அங்கும் எவனோ ஒருவன் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி இடம் கொடுத்திருப்பான். அவனை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஜப்பான் வரைக்கும் போவானேன். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று சொல்லித்தான் நம்மைக் கூட்டி வந்தார்கள் என்று என் அப்பாயி சொல்லும். மலையகத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை குறைவு. அதைச் சொல்லி இந்தியாவிலிருந்து தோட்டத்துக்குக் கூட்டி வந்தது ஆள்பிடிக்கும் கங்காணி. அதே ஊர்க்காரன், அநேகமாகச் சொந்தக்காரன், மாமன் மச்சான் முறை. வழிச்செலவுக்கு அவன் தந்த முன்பணம் இங்கே வந்து சேர்ந்ததும் கடனாக நின்றது. அவன் கூட்டி வந்த ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவனுக்குத் தலைக்காசு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு வேண்டும். அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். கப்பலேற்றும் முன் ஆட்களை அடைத்து வைத்த முகாம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஊருக்குப் பெயர் மண்டபம். என் உத்தியோகத்தை நினைத்தால் சிரிப்பும் வரும், வேறு என்னவோவும் வரும்.

அண்ணன் மகள் விசயம் எனக்குத் தெரிய வந்தது 2018இல். நோர்வூட் பக்கம் தோட்டம். உயர்தரத்தில் மூன்று பாடமும் பாஸ், ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாது. அவளைக் கூட்டிப் போனது அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்த கூட்டாளி. எங்கே சேர்ந்தீர்கள் என்று நான் கோபமாகக் கேட்டபோது, "அவ சேந்தது ஒங்க மண்டபத்துலதான் சித்தப்பா" என்றாள்.

முதலில் அவளிடம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லையாம். 'நான் மாறுகிறேன்' என்று அச்சடித்த ஒரு சின்ன ஸ்டிக்கர், போன் கவருக்குள் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வளவுதான். 1966இல் கலிபோர்னியாவில் ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வீட்டு முற்றத்தில் பார்க்கவே சகிக்காத பெரிய பலகையில் 'கவனமாக ஓட்டுங்கள்' என்று நட்டுவைக்கலாமா என்று நேரே போய்க் கேட்டால் 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். இரண்டு கிழமைக்கு முன்னால் அதையே மூன்று அங்குலச் சின்ன அட்டையாக வைக்கச் சம்மதித்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். அதை வாசித்த அன்று எனக்கு அந்த போன் கவர்தான் கண்ணுக்குள் நின்றது.

ஸ்டிக்கருக்குப் பிறகு கண்டிப் பக்கம் ஒரு விடுதியில் மூன்று நாள் முகாம். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இராத்திரி ஒரு மணி வரை ஒவ்வொருவரும் எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும், காலை ஐந்துக்கு எழும்ப வேண்டும். இரண்டாம் நாள் திடீரென்று லைட்டை அணைத்து மெழுகுதிரியோடு கேக்கைக் கொண்டு வந்தார்கள். அவளுக்குப் பிறந்தநாள். படிவத்தில் எழுதியிருந்ததுதானே. "லயத்துல யாரு சித்தப்பா கேக் வெட்டுறா? அம்பது பேரு எனக்காக பாடினாங்க." இதற்கு 'அன்புக் குண்டு' என்று பெயர் உண்டு. 1970களில் அமெரிக்காவில் இளைஞர்களைச் சேர்த்த குழுக்களுக்குள்ளேயே புழங்கிய சொல். அந்தச் சொல்லை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு அது குண்டில்லை, கேக்.

மூன்றாம் நாள்தான் விலை வந்தது. 35,000 ரூபா. ஒரு சத்துமா டின், ஒரு காந்த வளையல், 'குடும்பத்தில்' ஓர் இடம். அது வியாபாரமா, ஆசிரமமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தலைவரை 'அப்பா' என்பார்கள், காலையில் தியானம், பின்னேரம் யார் எத்தனை பேரைச் சேர்த்தது என்ற கணக்கு. 2016 கூட்டு ஒப்பந்தப்படி அப்போது தோட்டத் தொழிலாளிக்கு அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. அண்ணி எழுபது நாள் மலைக்குப் போனால்தான் அந்தக் காசு. தோடு அடகுக்குப் போனது.

காசு கட்டியவர் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பேர். பதிவுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒருநாள் பெருக்கிப் பார்த்தேன். இருபதாவது படியில் 10,48,576 பேர் வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டம் முழுவதுமே ஏழு லட்சத்துச் சொச்சம்தான். பால்குடிப் பிள்ளையையும் சேர்த்துத்தான்.

அண்ணன் என்னவோ "படிச்ச புள்ளைக்கு புத்தி எங்க போச்சு" என்று மூன்று மாதம் கத்தினார். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு அப்படிக் கத்த வாய் வரவில்லை. உள்ளே வங்கியில் வேலை செய்யும் ஒருவர் இருந்தார். இரண்டு டீச்சர்மார் இருந்தார்கள். அதுவுமில்லாமல் அவள் ஒன்று சொன்னாள்: "அங்க ஒருத்தரும் என்னய தோட்டத்துப் புள்ளன்னு பாக்கல சித்தப்பா." டவுனில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் எந்தத் தோட்டம் என்றுதான் முதல் கேள்வி வரும். எனக்கும் இந்த வயதிலும் வரும்.

வங்கியில் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் விசாரித்தேன். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 83இ பிரிவு இப்படி ஆள்மேல் ஆள் சேர்த்துக் காசு பிடிக்கும் பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது என்றார். நடத்துவது மட்டுமில்லை, விளம்பரம் பண்ணுவதும் ஊக்குவிப்பதும் குற்றம். நல்லது, பொலிசுக்குப் போவோம் என்று அவளைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். அவள் பெரியம்மா மகளையும் இன்னொரு கூட்டாளியையும் சேர்த்துவிட்டிருந்தாள். முகாமிலிருந்து வந்த பத்தாம் நாளே. "ஏமாந்தேன்னா எல்லாருகிட்டயும் சொல்லிருவேன். நான் ஏமாத்தினவளால்ல இருக்கேன்." சங்கிலியின் மேல் நுனியில் இருப்பவனுக்கு இதைவிட நல்ல பூட்டு கிடைக்காது. அந்தப் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. கல்யாணம் எங்கள் மண்டபத்தில்தான். நான் கதிரை போட்டேன்.

அதற்குப் பிறகு புக்கிங் படிவத்தை மாற்றினேன். அடையாள அட்டைப் பிரதி, நிறுவனம் என்றால் பதிவுச் சான்றிதழ், நிகழ்ச்சியை நடத்துவது யார் என்று முழுப்பெயர், கேட்டில் பேனர் கட்டாயம். முதலாளி போனில் "வாற யாவாரத்த வெரட்டுறியா?" என்றார். கோயில் திருவிழாக் கமிட்டியும் சபைக்காரர்களும் ஒரு பேச்சில்லாமல் தந்தார்கள். அவர்களுக்குத் தங்கள் பெயரைப் பெரிதாகப் போடுவதில்தான் ஆசை. ஒரு வாலிபர் கழகத் தலைவர் மட்டும் "எங்களையே சந்தேகப்படுறீங்களா?" என்று கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். நல்ல பையன், நல்ல நிகழ்ச்சி. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பழைய ஆட்கள் வேறு முகத்தோடு ஒருதரம் வந்தார்கள். படிவத்தை வாசித்துவிட்டு, போட்டோக் கொப்பி எடுத்து வருகிறோம் என்று போனவர்கள் திரும்பி வரவில்லை. டவுனில் மண்டபத்துக்கா பஞ்சம்.

அண்ணன் மகள் இப்போது கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். தோட்டை மீட்டுவிட்டாள். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது போனைப் பார்த்துச் சிரித்தாள். என்ன என்றேன். பழைய செய்தி ஒன்றைக் காட்டினாள். பூப்படம், கேக் படம், 'எங்கள் அன்பு மகளுக்கு' என்று தொடங்கும் பிறந்தநாள் வாழ்த்து. வருசா வருசம் அந்த நம்பரிலிருந்து வருகிறதாம்.

"பிளாக் பண்ணலையா?"

"வேற யாரு சித்தப்பா அனுப்புறா?"

அவள் பிறந்த தேதியை அன்றைக்குத்தான் கேட்டேன். பதிவுப் புத்தகத்தின் பின் அட்டையில், அந்தப் பெருக்கல் கணக்குக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.