அலாஸ்கா கிராமத்து ஏர்போர்ட்டுக்கு ஒரு பைலட் பேர் வாங்குன கதை

நான் அலாஸ்காவுல யூகான் ஆத்தங்கரை கிராமம் ஒண்ணுல டீச்சரா இருக்கேன். ஊர் பேர் வேண்டாம், ரொம்ப சின்ன ஊரு, பேரைச் சொன்னா ஆளையே காட்டிக் கொடுத்த மாதிரி. ரோடு கிடையாது, கோடையில படகு, பனியில ஸ்னோமெஷின், மத்ததுக்கெல்லாம் ப்ளேன்தான். ஏர்போர்ட்டுன்னா ஒரு ஜல்லி ரன்வே, ஓரத்துல கிரேடர் (ரன்வேயைச் சமப்படுத்துற வண்டி) நிக்கிற ஷெட்டு, அவ்ளோதான், டெர்மினல்லாம் கிடையாது. அதுக்கு இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்த ஒரு அத்தபாஸ்கன் (இந்தப் பக்கத்துப் பழங்குடி) பைலட்டோட பேரை வைக்கணும்னு ட்ரைபல் கவுன்சில் (பழங்குடி மக்களோட நிர்வாக சபை) பேசி முடிச்சாங்க, எழுத்து வேலை எல்லாம் டீச்சர் பாத்துப்பாங்கன்னு என்கிட்ட தள்ளிட்டாங்க.

அவரு ஓட்டுன காலத்துல ராத்திரி எறங்குனதும் இன்ஜின் ஆயிலை சூடு ஆறுறதுக்குள்ள டின்னுல வடிச்சு வீட்டுக்குள்ள கொண்டு போய் அடுப்புகிட்ட வச்சுக்கணும், காலைல இன்ஜின் மேல துணிக் கூடாரம் மாதிரி போர்த்தி அடியில அடுப்பு வச்சு சூடாக்கி அப்புறம் ஆயிலை ஊத்தணும். மைனஸ் 40ல ஆயில் உறைஞ்சு கெட்டியாயிடும். பனியில ஸ்கீ, கோடையில மிதவை, ரேடியோவை நம்ப முடியாது, ஆத்து வளைவைப் பாத்துதான் வழி. தபால், பிரசவ வலி வந்த பொண்ணு, பாட்லாட்ச்ங்கிற பழங்குடி ஊர் விருந்துக்கு மூஸ் (பெரிய மான்) கறின்னு எல்லாத்தையும் ஏத்திட்டுப் போனவரு. ஊருக்குள்ள யாரைக் கேட்டாலும் அவரைப் பத்தி ஒரு கதை இருக்கு, ஆனா எழுத்துல ஒண்ணுமே இல்ல. இந்த வேலையில கஷ்டம்னா அதுதான். ஃபாரம் நிரப்புறதெல்லாம் சும்மா.

இது புதுசு ஒண்ணும் இல்ல. காலினாவுல எட்வர்ட் ஜி. பிட்கா சீனியர் ஏர்போர்ட் இருக்கு, மின்டோ ஏர்போர்ட் அல் ரைட் பேர்ல இருக்கு, 1966ல ஃபேர்பேங்க்ஸ்ல ரைட் ஏர் சர்வீஸ்ங்கிற விமானக் கம்பெனியை ஆரம்பிச்ச அவரும் அத்தபாஸ்கன் பைலட்தான். மத்தபடி அலாஸ்கா விமானக் கதைன்னாலே 1924ல ஃபேர்பேங்க்ஸ்ல இருந்து மெக்ராத்துக்கு தபால் கொண்டு போன ஐல்சன், அப்புறம் வீன் சகோதரர்கள்னு வெளியில இருந்து வந்தவங்க பேர்தான் முதல்ல வரும். கோட்சபியூ ஏர்போர்ட்டே ரால்ஃப் வீன் பேர்லதான் இருக்கு. அவங்க பெரிய ஆளுங்கதான், இல்லங்கல, ஆனா மண்ணோட ஆளுங்களும் ஓட்டியிருக்காங்கல்ல.

முதல்ல குடும்பத்துகிட்ட போங்க, அரசாங்கத்துகிட்ட அப்புறம் போகலாம். அவரோட பொண்ணு, ஊருக்கே ஆண்ட்டி, டீ ஊத்திக் கொடுத்துட்டு "அப்பா இருந்திருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு, தன்னைப் பத்தி பெருமை பேசுறது அவருக்குப் பிடிக்காது"ன்னாங்க. அவங்களா யோசிச்சு, பேரப்பிள்ளைங்ககிட்ட எல்லாம் கேட்டு, சரின்னு சொல்ற வரைக்கும் கவுன்சில் தீர்மானம் போடல. ஃபர்ஸ்ட் சீஃப் (கவுன்சில் தலைவர்) அதுல ரொம்ப கறாரா இருந்தாரு, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது.

அடுத்தது ஆதாரம். அவரோட லாக் புக் எல்லாம் ஐஸ் உடையிற சமயத்துல வந்த வெள்ளத்துல போயிடுச்சாம். பைலட் லைசன்ஸ் ரெக்கார்டு ஓக்லஹோமா சிட்டியில எஃப்ஏஏகிட்ட (அமெரிக்க மத்திய அரசோட விமானத் துறை) இருக்கும்னு குடும்பத்து பேர்ல இறப்புச் சான்றிதழ் வச்சு எழுதிக் கேட்டோம், கொஞ்சம் கெடைச்சுது. ஃபேர்பேங்க்ஸ் யூனிவர்சிட்டியில வாய்மொழிப் பதிவுகளை சேத்து வச்சிருக்காங்க, அங்க வேற ஒரு பெரியவர் பேட்டியில இவரைப் பத்தி பேசியிருந்தாரு. மிச்சம் எல்லாம் எல்டர்ஸ் சொன்னதுதான், கூடத்துல உக்கார வச்சு போன்ல ரெக்கார்டு பண்ணி, அவங்ககிட்டயே படிச்சுக் காட்டி திருத்தி வாங்குனோம். ஒருத்தர் சொன்ன வருஷத்தை இன்னொருத்தர் மறுப்பாரு, அப்போ வருஷத்தை எடுத்துட்டு சம்பவத்தை மட்டும் வச்சுக்கிட்டோம். யாரோ ஆர்வத்துல "முதல் பழங்குடி பைலட்"னு போடச் சொன்னாங்க, நான் கூடவே கூடாதுன்னுட்டேன், பக்கத்து ஊர்ல எங்க தாத்தாதான் முதல்லன்னு இன்னொரு குடும்பம் வந்து நிக்கும், சட்டசபைக் கமிட்டியில அதைத்தான் பிடிச்சுக்குவாங்க. முன்னோடிகள்ல ஒருத்தர்னு போட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க, உண்மையும் அதுதான்.

இடையில ஒரு ஆபீஸ்ல மலைப் பேர், ஆத்துப் பேர் பாக்குற போர்டுகிட்ட அனுப்புங்கன்னாங்க. அது தப்பு, அந்த போர்டு மலை, ஆறு, ஏரிக்குத்தான், ஆள் செத்து 5 வருஷம் ஆகணும்ங்கிற விதியும் அவங்களோடதுதான். ஏர்போர்ட்டுக்கு அது பொருந்தாது. ஏர்போர்ட் யாரோடதோ அவங்கதான் பேர் வைக்கணும். அலாஸ்காவுல 200க்கு மேல கிராமத்து ஏர்போர்ட் ஸ்டேட்டோட போக்குவரத்துத் துறைகிட்டதான் இருக்கு, எங்களோடதும் அப்படித்தான், அதனால சட்டமாவே கொண்டு வரலாம்னு ஸ்டேட் சட்டசபையில இருக்கிற எங்க தொகுதி ஆளு சொன்னாரு. ஸ்டேட் கட்டடம், பாலம், ஏர்போர்ட்டுக்கெல்லாம் பேர் வைக்க சட்டப் புத்தகத்துல தலைப்பு 35, அத்தியாயம் 40னு தனியாவே இருக்கு.

மசோதா ஒரு பக்கம்தான். ஆனா ட்ரைபல் தீர்மானம், சிட்டி (ஊர் நிர்வாகம்) தீர்மானம், குடும்பத்துக் கடிதம், பக்கத்து ஊர் கடிதம் எல்லாம் பின்னால சேரணும். போக்குவரத்துத் துறை செலவுக் கணக்குன்னு ஒரு தாள் குடுப்பாங்க, பேர்ப் பலகை மாத்துற செலவு, அது கம்மியா இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. சட்டசபை கூடுற தலைநகர் ஜூனோவுக்கும் ரோடு கிடையாது, நாங்க போன் வழியாதான் சாட்சி சொன்னோம், ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான், ஆண்ட்டி எழுதி வச்சதை மடிச்சு வச்சுட்டு அவங்க பாட்டுக்கு அப்பா ப்ளேன்ல தூங்கிக்கிட்டே போன கதையைச் சொன்னாங்க (சின்னப் பொண்ணு அப்போ, தூங்குனது அவங்க, அவரு இல்ல!), கமிட்டி சேர்மன் நேரம் முடிஞ்சும் நிறுத்தல. கமிட்டி தேதி மட்டும் மாறிக்கிட்டே இருக்கும், வகுப்பை விட்டுட்டு ஓடி வந்து உக்காந்தா இன்னிக்கு இல்லன்னுடுவாங்க.

ஸ்டேட் சட்டசபையில ஹவுஸ், செனட்னு ரெண்டு சபை. ஹவுஸைத் தாண்டி செனட்ல போனதும் வேற ஊர் பாலம் ஒண்ணோட பேரையும் எங்க மசோதாவுலயே ஏத்திட்டாங்க. இது வழக்கம்தான், ஆனா மாத்துனதுக்கு ஹவுஸ் திரும்ப ஒத்துக்கணும், கூட்டத்தொடர் முடியப் போற நேரத்துல வயித்துல புளியைக் கரைச்சுது. ஹவுஸ்ல 40க்கு 21, செனட்ல 20க்கு 11 ஓட்டு போதும், அதைவிட நெறையவே விழுந்துச்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள ஒரு மசோதா நிறைவேறலன்னா செத்துடும், அடுத்தது முதல்ல இருந்துதான். கவர்னர் கையெழுத்துக்கு அப்புறம், தனியா தேதி போடலன்னா 90 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும்.

எஃப்ஏஏகிட்ட அனுமதின்னு எதுவும் கேக்க வேண்டாம், துறை தகவல் குடுத்தா அவங்க ரெக்கார்டுல மாத்துவாங்க, பைலட்டுங்க கையில வச்சிருக்கிற சார்ட் சப்ளிமெண்ட்ங்கிற ஏர்போர்ட் விவரப் புத்தகம் 56 நாளுக்கு ஒரு தடவைதான் வரும், அதுல வந்தப்போதான் ஊர்ல எல்லாரும் நம்புனாங்க. ஏர்போர்ட்டோட எழுத்துக் குறியீடு மாறாது, டிக்கெட், தபால் எதுக்கும் பாதிப்பு இல்ல, நெறைய பேர் இதைக் கேட்டுப் பயந்தாங்க.

வேற ஊர்க்காரங்க யாராவது இதை ஆரம்பிக்கிறதா இருந்தா தீர்மானத்தையும் கடிதங்களையும் இலையுதிர் காலத்துலயே முடிச்சு வச்சுக்கிட்டு நவம்பர்ல உங்க தொகுதி ஆபீஸுக்குப் போன் பண்ணுங்க, ஜனவரியில கூட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே மசோதாவை தாக்கல் பண்ண வழி இருக்கு, பிப்ரவரிக்கு மேல போனா வரிசையில எங்கயோ பின்னால நிப்பீங்க.