பாட்டிஸ்டூட்டாவின் கால்கள்

1993-இல் ஃபியோரெண்டினா என்ற இத்தாலியக் கால்பந்து அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோது, அதில் ஆடிய அர்ஜென்டினா வீரர் காப்ரியேல் பாட்டிஸ்டூட்டா வேறு பெரிய கிளப்புக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கூடவே இறங்கி விளையாடி அணியை மேலே கொண்டுவந்தார். மேலே வந்த சீசனில் முதல் 11 ஆட்டங்களிலும் விடாமல் கோல், சீசன் முழுக்க மொத்தம் 26! எனக்கு அவரை இவ்வளவு பிடிக்க அந்த ஒரு முடிவே போதும்.

1994, 1998 என இரண்டு உலகக் கோப்பைகளிலும் ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்த முதல் வீரர் இவர்தான். ஆனால் இத்தாலிய லீக் பட்டம் ரோமா அணிக்குப் போன பிறகே, 2001-இல் கிடைத்தது. அதே சீசனில் பழைய அணிக்கு எதிராக கோல் அடித்தவர் கொண்டாடவில்லை, அழுதார்.

ஓய்வுக்குப் பின் கணுக்கால் வலி தாங்காமல், காலையே வெட்டி எடுத்துவிடும்படி மருத்துவரிடம் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். படிக்கவே மனசு பதறுது.