சேவலின் கூவல் கம்மியபோது

போன கார்த்திகையில் ஒரு விடியற்காலை எங்கள் செவலைச் சேவல் கூவியது பாதியிலேயே உடைந்துபோனது. கடைசி இழுப்பு வரவில்லை, காற்று மட்டும் வந்தது. கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான பூம்பாறையில் அந்த மாதத்தில் யாருக்குத்தான் தொண்டை கட்டவில்லை, இதுவும் குளிரால்தான் என்று மூன்று நாள் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

கோழி இனத்துக்குக் குரல் நம்மைப் போல மேல் தொண்டையில் உருவாவதில்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற அடிப்பகுதியில், நெஞ்சுக்குள் உருவாகிறது. ஆகவே கூவல் கம்மினால் தொந்தரவு மூக்கோடு நிற்காமல் கீழே இறங்கியிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டைக்கு வந்தால் இவ்வளவு சீக்கிரம் தெரியாது, சேவல்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

நான்காம் நாள் உட்கார்ந்து கவனித்தேன். பிடிக்காமல், பத்தடி தள்ளி நின்று பார்க்க வேண்டும், பிடித்தால் பயத்திலேயே மூச்சு வாங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. அலகு லேசாகத் திறந்திருந்தது. கொண்டையின் நுனி சிவப்பு மங்கி ஊதா கலந்திருந்தது. கீழே வத்தலக்குண்டில் சித்திரை மதியம் கோழி வாயைத் திறந்து நின்றால் வெயில் என்று சொல்லலாம், ஆனால் இங்கே பனிமூட்டம் இறங்கிய காலையில் வாயைத் திறந்து நிற்கிற சேவலுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அர்த்தம், அதில் யோசிக்கவே வேண்டாம். இரவு அடைந்த பிறகு முதுகில் காதை வைத்துக் கேட்டேன், உள்ளே கொரகொரவென்று சளி ஓடியது.

அத்தை துளசியும் கற்பூரவல்லியும் இடித்துச் சாறு எடுத்துத் தந்தார், நான் அலகைப் பிரித்து ஊற்றினேன். உடனே இருமி, தலையை உதறி, இன்னும் மோசமாக மூச்சு வாங்கியது. சாற்றைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஊற்றியவிதம்தான் தப்பு. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை திறந்து மூடுவது தெரியும், அதுதான் மூச்சுக்குழாயின் வாய். ஊற்றுவது நேராக அதற்குள் போய்விடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, அதுவாக விழுங்கும் வரை காத்திருங்கள்.

தூக்குவதிலும் கவனம் வேண்டும். நமக்கு இருக்கிற உதரவிதானம் கோழிக்குக் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். மூச்சுத் திணறுகிற சேவலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தாலோ காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாலோ கையிலேயே உயிர் போய்விடலாம். அடியில் கையைக் கொடுத்து, இறக்கையை மட்டும் லேசாக அணைத்துத் தூக்க வேண்டும்.

பஞ்சாரத்தில் போட்டு அடுப்படியில் வைக்கலாம், கதகதப்பாக இருக்கும் என்றார் அத்தை. விறகுப் புகை அதற்கு விஷம், அதனால் திண்ணை மூலையில் காற்றுப்படாத பக்கமாகச் சாக்கு விரித்து வைத்தோம். மற்ற கோழிகளுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகுதான் இவன் பக்கம் போவேன், இவனுக்குத் தனிக் கிண்ணம்.

கால்நடை மருத்துவர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே மஞ்சள் படலம் இருந்தால் அது அம்மை. முகம் ஒரு பக்கம் வீங்கி மூக்கில் நாற்றமடித்தால் கொரைசா என்கிற தொற்றுச் சளி. கழுத்தை நீட்டி இழுத்து ரத்தம் கலந்த சளியைத் துப்பினால் அது வேறு வகை. மூச்சோடு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், அடுத்தடுத்து சாவு என்றால் வெள்ளைக்கழிச்சல், அதற்கு மருந்தே இல்லை, குஞ்சிலேயே சொட்டு மருந்தும் எட்டாவது வாரத்தில் ஊசியும் போட்டுக்கொள்வதுதான் வழி. ஒரே நேரத்தில் பல கோழிகள் திடீரென்று செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எங்களுடையது மைக்கோபிளாஸ்மா கிருமியால் வருகிற நாள்பட்ட சளி என்றார். டைலோசின் எழுதித் தந்தார், குடிதண்ணீரில் கலந்து, வேறு தண்ணீர் வைக்காமல். வீட்டில் மிச்சமிருக்கிற மனுஷ மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. அளவு தெரியாது, அந்த இறைச்சியும் முட்டையும் எத்தனை நாள் ஆகாது என்பதும் தெரியாது.

அப்புறம் அவர் கூட்டைக் காட்டச் சொன்னார். ஐப்பசியிலேயே குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி, அடியில் வைக்கோலைக் கனமாகப் போட்டு வைத்திருந்தேன். கோழி உட்காருகிற உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். கண் எரிந்தது. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அமோனியா கிளம்புகிறது, அது மூச்சுக்குழாயின் உள்ளே தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகிற மெல்லிய மயிர்களைக் கெடுத்துவிடுகிறது, பிறகு எந்தக் கிருமியும் சுலபமாகக் குடியேறும். ஈர வைக்கோலில் பூசணம் பிடித்தால் அது தனி நுரையீரல் நோய். நான் நல்லது என்று நினைத்துச் செய்த ஏற்பாடு, இரவு முழுக்க அந்தக் காற்றைத்தான் அவன் சுவாசித்திருக்கிறான். இறகு காய்ந்திருக்கிற வளர்ந்த கோழி இந்தக் குளிரைத் தாங்கிவிடும். இங்கே கோழி வளர்க்கிறவர்கள் குளிரைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு அடைத்த காற்றைப் பார்த்துப் பயப்படுவதில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்றே வைக்கோலை வாரிக் கொட்டினோம். காய்ந்த மரத்தூள் போட்டோம். தார்ப்பாயை மேலே ஒரு சாண் உயரத்துக்கு இரண்டு பக்கமும் வெட்டிவிட்டோம், கோழி அடைகிற கம்புக்கு மேலே இருக்கிற மாதிரி. கீழே வெட்டினால் வாடைக்காற்று நேராக உடம்பில் படும். கூரையில் ஒழுகின இடத்தையும் அடைத்தாயிற்று.

ஒன்பதாம் நாள் கூவினான். கடைசி இழுப்பில் கொஞ்சம் கரகரப்பு இன்றும் இருக்கிறது.

தை மாதம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அவனைக் கேட்டு வந்தார். "ஆளு தெம்பாத்தானே இருக்கான், ரெண்டு வாரம் எங்க பெட்டையோட விடேன் தங்கச்சி."

"வேண்டாண்ணே. பாக்க நல்லாருக்கான், ஆனா கிருமி உள்ளயேதான் இருக்குமாம். உங்க கோழிக்கும் ஒட்டும், முட்டை வழியா குஞ்சுக்கும் போகும்."

முகம் வாடிவிட்டது அவருக்கு. கையைக் கழுவி, செருப்பை மாற்றிக்கொண்டு அவரோடு போய் அவர் கூட்டைப் பார்த்தேன். நாலு பக்கமும் தார்ப்பாய். அரிவாளை எடுத்துக் கொடுத்தார்.